வாய்ப்பூட்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவள், நாலு பேர் படிக்கிற இடத்தில் என் கதையையும் கொண்டுவந்து வைப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மழை நாளில் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்தால் ஒரு ருசி வருமே, அது இத்தனை வருடம் கழித்தும் என் வாயை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினாலு வயதில் எனக்குப் பல்லில் கம்பி கட்டினார்கள். அதுவரை என் முன்பற்கள் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும். பள்ளியில் என் பெயர் "தேங்கா துருவி". சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வேன், பிறகு பேசும்போதும் மூடிக்கொண்டேன், கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கு வந்து பல் பார்க்கிற "மிஸி" ஈப்போ அரசாங்கக் கிளினிக்குக்கு என் பெயரை எழுதிக் கொடுத்தார். நெடுநாள் காத்திருந்த பிறகு என் முறை வந்தது. கம்பி கட்டிய மறுவாரமே பையன்கள் என் பெயரை "பாகார்" என்று மாற்றினார்கள், மலாயில் வேலி. தேங்காய் துருவிக்கு வேலி மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பியை இறுக்கிவிட்டு வந்தால் இரண்டு நாளைக்குக் கஞ்சியும், தேத்தண்ணியில் ஊறிப் போன பிஸ்கட்டும்தான். கம்பி முனை கன்னத்தைக் கிழிக்கிற இடத்தில் மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்வேன். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் குட்டித் தூரிகையைப் பல்லிடுக்கில் விட்டு விட்டு எடுக்க வேண்டும். பின்னால் சவரம் செய்யக் காத்து நிற்கும் அப்பா, "வாய் கழுவுறியா, லோரி கழுவுறியா லா?" என்பார். அவர் லாரி ஓட்டியவர். லாரியை அவர் அத்தனை அக்கறையாகக் கழுவி நான் பார்த்ததில்லை.

என் எதிரி வேறெங்கும் இல்லை, ஈப்போ சிலிபினில் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அந்த வீட்டு அக்கா கச்சாங் பூத்தே என்கிற கடலை, முறுக்கு வகைகள் வறுக்கிற இடத்தில் வேலை செய்தார். சாயங்காலம் உடைந்த முறுக்கும் வறுத்த கடலையுமாக ஒரு பை வேலிக்கு மேலே வரும். அந்தப் பையால் இரண்டு தடவை கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருந்த வில்லை தெறித்துவிட்டது. இரண்டாம் தடவை, கிளினிக்கில் எப்போதும் சிரித்தமுகமாக இருக்கும் சீன டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு முறை உடைத்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன், வெளியே எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் பார் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். பல் அப்போது பாதிதான் உள்ளே போயிருந்தது. பாதியோடு நின்றுவிட்டால் மறுபடி கைக்குப் பின்னால்தான் வாழ வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பீடோர் பக்கம் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் செல்லம்மா அத்தை, இன்னும் அங்கேதான் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். கம்பி இறுக்கி மறுநாளே அம்மாவோடு போனேன். கன்னமெல்லாம் புண். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதிசயமாக, யாரும் என்னைப் பேசு பேசு என்று பிடுங்கவில்லை. எப்போதும் தேவாரம் பாடச் சொல்லி மானத்தை வாங்குகிறவர்கள்கூடப் பாலும் வாழைப்பழமும் கொடுத்து, நிழலில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். முறுக்குத் தட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பல்வலிக்கு இவ்வளவு இரக்கமா என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

மத்தியானம் கரகம் கோயிலுக்குத் திரும்பியதும் பூசாரி மாமா, "வாய்ப்பூட்டுப் புள்ளைய கூட்டிட்டு வாங்க" என்றார். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அப்போதுதான் விளங்கியது. நாக்கிலோ கன்னத்திலோ சின்ன வேல் குத்தி, பூசாரி அதை எடுக்கும்வரை பேசாமல் இருப்பதை எங்கள் பக்கம் வாய்ப்பூட்டு என்பார்கள். பல்லில் கம்பி கட்டுவதை அத்தை கேள்விப்பட்டதே இல்லை. பேசாத பெண்ணின் உதட்டிடுக்கில் வெள்ளி மின்னியதைப் பார்த்தார், அவ்வளவுதான். இன்னொருவர் வேண்டுதலை என்ன ஏது என்று கேட்கக் கூடாது என்பதால் ஒருவரும் அம்மாவிடம் கேட்கவும் இல்லை. அம்மா சமையல் கொட்டகையில் இருந்தார்.

"வாயத் தொற பாப்பா" என்றார் பூசாரி மாமா. கிளினிக்கில் பழகிய வாய் தானாகத் திறந்துவிட்டது. ஒரு சிட்டிகை விபூதியை உள்ளே போட்டு, வேல் எங்கே என்று விரலால் தேடினார்.

"யாரும்மா இத குத்துனது? எல்லாப் பல்லுலயும்ல குத்தியிருக்கு" என்றபடி கம்பியை நகத்தால் நெம்பினார்.

சரியாக அந்த நேரம் பார்த்து உறுமி மேளம் நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாதீங்க மாமா, இது கவர்மெண்டு கம்பி."

என் குரல் அத்தனை பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பேசிட்டாளே, வேண்டுதல் போச்சே" என்று புலம்ப, அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "என்ன வேண்டுதல் அண்ணி?" என்று கேட்க, இருவருமாகப் பேசித் தீர்ப்பதற்குள் கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூசாரி மாமா என் பிடியிலிருந்து கையை இழுக்காமல், முகம் மாறாமல் சொன்னார்:

"கவர்மெண்டு பூட்டுனத கவர்மெண்டுதான் தொறக்கணும். நமக்கு அதிகாரம் இல்ல."

கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு கையாலும் இன்னும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் வாயை மூட எனக்குக் கை இல்லை.

இப்போது அந்த இடமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தோட்டத்து லய வீடுகள் போய்விட்டன, அத்தையும் போய்விட்டார், கோயில் மட்டும் புது ஓடு போட்டு நிற்கிறது. என் மகளுக்கும் கம்பி கட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரப்பர் வளையத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்து, பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறாள். இந்த வருடத் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஓர் அம்மா அவள் வாயைப் பார்த்துவிட்டு என் அருகில் வந்தார். நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கிளினிக் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதை வேண்டுதல் என்று நினைத்துப் பாய் விரித்துப் பால் கொடுக்க அங்கே இனி ஒருவரும் இல்லை.

அந்தப் பழைய திருவிழாவுக்கு மறுநாள், கம்பி நெம்பிக்கொண்டதோ என்று பயந்துபோன அம்மா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எதுவும் கழன்றிருக்கவில்லை. கம்பிக்கு அடியில் இந்தச் சாம்பல் எப்படி வந்தது என்று டாக்டர் அம்மா கேட்டார். நான் சொன்னேன். கழுவிவிட்டு, அடுத்த மாதம் வரச் சொன்னார்.