அடுத்த நாள் தாள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். 2006-ஆம் வருடத் தினசரி காலண்டரில், ஒவ்வொரு தேதிக்குக் கீழும் ஓர் ஆங்கிலத் தத்துவச் சொல்லைப் பொருளோடு போடலாம் என்பது என் யோசனைதான். ஏ முதல் இசட் வரை வரிசையாக எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். காலண்டரையும், அதிலிருந்து கிழித்த ஒரு தாளையும் மேஜையில் வைத்தார். ‘டிடர்மினிசம்: நடப்பதெல்லாம் முன்பே முடிவானது’ என்றிருந்தது.

“அன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்காரர் இதை வாசிச்சுச் சிரிச்சுட்டுத்தான் பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்து கலக்கப் போனாக. பொணமாத்தான் வந்தாக. தெரிஞ்சுதான எழுதுனீக?”

“இல்லம்மா. அது போன வருஷமே எழுதினது.”

“அதத்தான் சொல்லுதேன். போன வருஷமே எழுதிட்டீகள்ல?”

அவர் குரலில் கோபமே இல்லை. காலண்டரை என் பக்கம் தள்ளினார்.

“நாளையிலேர்ந்து எம் மக அதே கம்பெனிக்குப் போறா. நாளைத் தாளைப் பாத்துச் சொல்லுங்க, அனுப்பட்டா?”

தாளின் முனையைப் பிடித்தேன். புரட்டாமலே, “அனுப்பாதீங்க” என்றேன்.

விதியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்தச் சொற்களின் கையெழுத்துப் பிரதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான் என்ன எழுதியிருந்தேன் என்று மட்டும் இதுவரை பார்க்கவில்லை.