குளிப்பாட்டிய காசு

செல்லையா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் நாணயக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்கு மேலே யாரோ மாற்றிக்கொள்ளப் போட்டிருந்த ஒரு செப்புக்காசின் படம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் அப்போது குன்னூரில் பல் மருத்துவரிடம் முறைக்காகக் காத்திருந்தேன். விரல் நடுங்கியது, அனுப்ப முடியவில்லை என்றெல்லாம் கதை விடமாட்டேன். நானும் ஒரு கூப்பிய கையை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அங்கே உட்கார முடியவில்லை. பல்லைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவயதில் பெற்றோருடன் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர் அவர். ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றார். கடைசிவரை காசைச் ‘சல்லி’ என்றுதான் சொல்வார். பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமை நாம் கூடும்போது, எந்த வெள்ளிக்காசைக் கொடுத்தாலும் பார்ப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பார். “என்னண்ணா, டஸ்ட்டா லீஃபா?” என்று டீத்தூள் ரகம் கேட்பதுபோல் நாங்கள் கிண்டல் செய்வோம். “சிரிங்க சிரிங்க. கண்ண ஏமாத்திரலாம், மூக்க ஏமாத்த ஏலாது” என்பார்.

வெள்ளிக்காசு நெடுங்காலம் காகிதத்திலோ பெட்டியிலோ கிடந்தால் அதன்மேல் நிறம் ஏறும். முதலில் இளமஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஓரத்தில் நீலம். அந்த நிறத்தோடு வைத்துக்கொள்வதா, வெள்ளை வெளேரென்று இருப்பதைத் தேடுவதா என்பது சேகரிப்பவர்களுக்குள் ஓயாத சண்டை. ஆனால் கழுவி வெளுப்பாக்கிய காசுக்கு இரண்டு கட்சியிலும் மதிப்பில்லை. அண்ணன் நிறத்தின் கட்சி. “சுத்தம் வேற, புதுசு வேற” என்பார். நான் வெள்ளையின் கட்சி. முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்து, கறுத்த முகங்களை வெளுப்பாக்கிக் கொடுத்தே பிழைத்தவன் வேறு எந்தக் கட்சியில் இருப்பேன்?

அவருடன் ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில், தகரப்பெட்டிக்குள் பழைய காகிதத்தில் சுற்றிய இரண்டு விக்டோரியா ராணி ரூபாய்கள் இருந்தன. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டும் ஒரே வருடத்துக் காசு, ஒரே நிறம், ஓரத்தில் ஒரே நீலம். “ஸ்டுடியோக்காரரே, மொதல்ல நீங்க எடுங்க” என்றார். ராணியின் கன்னம் தேயாமல் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர், சமையல் சோடா, அலுமினியத் தாள். ஐந்து நிமிடத்தில் காசு வெளுத்துவிட்டது. எனக்குப் பரம திருப்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். விமலா டீச்சர் தன் வரிசையில் அந்த ஒரு ரூபாய் மட்டும் விடுபட்டிருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்றார். மேஜையில் இரண்டும் அருகருகே இருந்தன, நிறமேறியதும் வெளுத்ததும். டீச்சர் என்னைப் பார்த்து, “ஏனுங்க, இது கழுவினது இல்லீங்களே?” என்று கேட்டார்.

“பெட்டியில இருந்து எடுத்தபடியே இருக்குங்க” என்றேன்.

அண்ணன் என் காசை எடுத்து முகர்ந்தார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “அப்படிங்களா?” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் காது சுட்டது. அவர் மேலே எதுவும் சொல்வதற்குள் முந்திக்கொண்டேன்: “அண்ணனோடது ஃபேக்டரி டிரையர்ல வாட்டி எடுத்த கலரா இருக்கும், பாத்து வாங்குங்க டீச்சர்.” எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே என்னுடையதை எடுத்தார்.

இரண்டும் ஒரே காகிதத்திலிருந்து வந்தவை என்று அங்கே தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அதை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் காசைப் பொட்டலம் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் காசைக் கையில் எடுக்கும்போதெல்லாம் யாராவது “டிரையர்” என்று முணுமுணுப்பதும், மற்றவர்கள் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. சில மாதங்களில் அவர் காசு கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார். டீ குடித்துவிட்டு, மற்றவர்கள் காசைப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு உடம்பு முடியாமல், வருவதும் நின்றது. இத்தனையையும் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது மலைப்பாதை நடுவே, பர்லியாரில். அவர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுடன் மேலே ஏறிக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்யாணத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பஸ்ஸும் அங்கே நின்றிருந்தன. மிகவும் இளைத்திருந்தார். மங்குஸ்தான் பழம் ஒன்றை நசுக்கிப் பிளந்து என்னிடம் பாதியை நீட்டினார். நான் அதை வாயில் போட்டதும் கேட்டார்:

“அந்த டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

எதை என்று நான் கேட்கவில்லை.

“எனக்காகச் சொல்லலீங்க. அவங்க அத நல்ல சல்லின்னு நம்பி வச்சிருக்காங்க. பொறகு யாராச்சும் எடுத்துப் பாத்துச் சொன்னா, அவங்க மனசு என்னா பாடுபடும்?”

“சொல்லிட்டேண்ணா” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “அப்ப சரிங்க” என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். மகள் அவரைத் தாங்கி ஏற்றினாள். ஜன்னலிலிருந்து இன்னொரு முறை தலையாட்டினார். அந்த வாரமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் மட்டும் இல்லை, அதற்கடுத்த எல்லா வாரமும் நினைத்தேன்.

அவருடைய ரூபாய் மகளிடம் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, “அப்பா ஞாபகமா நீங்க வச்சுக்குங்க” என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அதை விமலா டீச்சருக்குக் கொடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன். அவள் பொட்டலத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு வெளியே வரவில்லை.

டீச்சர், உங்களிடம் இருப்பது நான் கழுவிய காசு. நண்பர்களே, செல்லையா அண்ணன் எந்தக் காசையும் வாட்டவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது பர்லியாரில் அவர் என் கையை அழுத்தியது ஒன்றுதான். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பி அழுத்திய கை அது.