எந்த ஊர் நம்பர்

புது வண்டி வாங்குவது என்று முடிவானதும் என் கணவர் இன்ஜினைப் பற்றிப் பேசினார். பெரியவள் ஏசியைப் பற்றிப் பேசினாள், சின்னவள் நிறத்தைப் பற்றி. நான் கேட்டது ஒன்றே ஒன்று: நம்பர் பிளேட்டில் என்ன எழுதியிருக்கும்? பாத்திரக் கடைக்குப் போய், பாத்திரத்தைப் பார்க்காமல் அதில் பெயர் வெட்டுவதைப் பற்றி மட்டும் கேட்பவளைப் பார்ப்பது போல மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

பழைய வண்டி ஜீப் வகை, டீசல். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர்தான். ஆனால் வண்டி உள்ள வீட்டில் எப்போதும் எட்டுப் பேர் என்பது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வண்டி வைத்திருந்த யாருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, திருவண்ணாமலை என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெஞ்சுகளில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போய் வந்தோம்.

அதை வாங்கியது இங்கே, பதிவு செய்தது ஓசூரில் இருந்த என் நாத்தனார் வீட்டு விலாசத்தில். அந்த நாளில் பெங்களூர்த் தமிழர்களில் பலர் இதைச் செய்தார்கள். கர்நாடகத்தைவிடத் தமிழ்நாட்டில் வண்டி வரி குறைவு. எல்லையைத் தாண்டினால் ஓசூர், அங்கே யாருக்கும் ஒரு அக்காவோ சித்தப்பாவோ இல்லாமல் போகாது. வண்டி அவர்கள் விலாசத்தில் பிறந்து எங்கள் வாசலில் வளரும். யாராவது மடக்கினால் நேற்றுதான் வந்தோம் என்று சொல்வதற்காக, ஓசூர் ஓட்டல் பில் ஒன்றை என் கணவர் எப்போதும் முன்னால் செருகி வைத்திருப்பார். சாப்பிடாத இட்லிக்கெல்லாம் எங்களிடம் பில் இருந்தது.

தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரித் தகராறு வந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மத்தியானமே மூடி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணவர் காலையில் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு பொம்மசந்திராவில் இருந்த தொழிற்சாலைக்குப் போயிருந்தார். ஓசூர் ரோட்டில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைக் கொளுத்துகிறார்கள் என்று தெருவில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் போன் இல்லை. இரண்டு குழந்தைகளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள்தான் வந்தார், கூட வேலை செய்த கன்னடக்காரர் ஒருவரின் ஸ்கூட்டரில். வண்டியைத் தொழிற்சாலைக்குள்ளேயே விட்டிருந்தார். சில நாள் கழித்து அதே நண்பர்தான் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். நம்பர் பிளேட்டின் மேல் மைதா பசையில் கன்னடப் பேப்பர் ஒட்டியிருந்தது. எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் அவருடைய காம்பவுண்டுக்குள் அதை நிறுத்தச் சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடினார். தை பிறக்கும் வரை எங்கள் வண்டி அங்கேதான் கிடந்தது.

அந்த ராத்திரியைப் பற்றி என் கணவர் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. தெரு முனையில் அந்த டீசல் சத்தம் கேட்கும் வரை அடுப்பில் இருப்பது என்ன என்றுகூடத் தெரியாது. எத்தனையோ முறை குழம்பு அடிப்பிடித்திருக்கிறது. எல்லோரும் என்னைக் கவனமில்லாதவள் என்றார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து இரண்டில் பழையது கையை விரித்துவிட்டது. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, சின்னவளுடைய பென்சில் ஒன்று அதன் வழியாக ரோட்டில் விழுந்தது. சனிக்கிழமைகளில் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். ஒன்றில் பின்னால் மறுபடியும் எதிரெதிர் பெஞ்சு. பெண்கள் இருவரும் ஏறவே மாட்டோம் என்றார்கள். இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் சந்தில் திருப்ப வேண்டுமானால் எதிர்வீட்டுக் காம்பவுண்டை இடிக்க வேண்டும். மூன்றாவது வெள்ளை. மூன்று வரிசையும் முன்னால் பார்த்தபடி, கடைசி வரிசைக்கும் ஏசி. விற்பவர் அதை எஸ்.யூ.வி., எஸ்.யூ.வி. என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். என் கணவருக்கு அது எப்போதும் போல ஜீப்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் முகத்தில் கல்யாணக் களை இருந்தது.

பதிவு எங்கே என்று விற்பவர் கேட்டார். ஓசூர் என்றார் என் கணவர், யோசிக்காமலே. இங்கேதான் என்றேன் நான். விற்பவர் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு நழுவினார். ஓசூர் அக்கா ஏற்கெனவே ரேஷன் கார்டு நகல் எடுத்து வைத்துவிட்டாள், வரியில் மிச்சமாவது பெரியவளின் படிப்புக்கு ஆகும் என்றெல்லாம் என் கணவர் அடுக்கினார். எல்லாம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"பத்து வருஷம் ஆச்சு. இன்னுமா பயம்?" என்றார்.

"பத்து வருஷமா சாயங்காலம் ஆனா கேட்லதான் நிக்கிறேன். வண்டி சத்தம் கேட்டதும் உள்ள போயிடுவேன். அதான் உங்களுக்குத் தெரியல."

அவர் அந்த வெள்ளை வண்டியின் கதவை ஒருமுறை திறந்து மூடினார். பிறகு விற்பவரைக் கூப்பிட்டு, பெங்களூர் பதிவு என்று சொன்னார்.

கேஏ என்று தொடங்கும் கர்நாடக நம்பரோடு வண்டி வந்த அன்று நானே அதற்குக் குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அன்றிலிருந்து சாயங்காலத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறவளாக ஆனேன். அந்தச் சில மாதங்கள்போல நான் நிம்மதியாக இருந்ததில்லை.

அந்த வருஷமே மழை பொய்த்தது. மறுபடியும் தண்ணீர்ப் பேச்சு, டிவியில் மறுபடியும் அதே முகங்கள். பஸ்கள் எல்லையோடு நின்றன. நம்மிடம்தான் கேஏ நம்பர் இருக்கிறதே என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் மெதப்பாகவே இருந்தேன். அப்போதுதான் நாத்தனார் போன் செய்தார். அவருடைய மகளுக்கு ஓசூரில் கல்யாணம், தேதி நெருங்கிவிட்டது. தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை மணவறையில் எப்படி உட்கார வைப்பேன் என்று அழுதார். தாய்மாமன் என் கணவர்தான்.

கர்நாடக நம்பர் வண்டி அந்தப் பக்கம் போக முடியாது. கண்ணாடியை உடைக்கிறார்கள் என்றார்கள். ஓசூர் பதிவாக இருந்திருந்தால் இந்தப் பக்கம் ஓட்ட முடியாது. எப்படிப் பார்த்தாலும் நாங்கள் மாட்டிக்கொண்டிருப்போம். ஆனால் பிடிவாதம் பிடித்தது நானல்லவா? அவர் ஒரு சொல் சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. நான்தான் ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன்.

கடைசியில் அவர்தான் வழி சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அத்திபெலே வரை வண்டியில் போவது, அங்கே தெரிந்த பெட்ரோல் பங்கில் நிறுத்துவது, எல்லையை நடந்து தாண்டுவது. அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டுக்காரர் வேனோடு நிற்பார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கிளம்பினோம். பங்கில் வண்டியை விட்டுவிட்டு அவர் ஒவ்வொரு கதவையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். சீர்த்தட்டுகளைப் பையில் திணிக்க மனசு வரவில்லை. அவர் தேங்காய்த் தட்டு, பெரியவள் முகூர்த்தப் புடவை, சின்னவள் பழம், நான் மஞ்சளும் வளையலும் வைத்த தட்டு. வரிசையாக நின்ற லாரிகளின் ஓரமாக நடந்தோம். எங்களைப்போலவே நிறையப் பேர் நடந்தார்கள், சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதே அளவு கூட்டம் எதிரிலும் வந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

கர்நாடகப் போலீஸ்காரர் ஒருவர் தட்டுகளைப் பார்த்தார். "எல்லிகே ஹோக்தீரம்மா?" என்று எங்கே போகிறோம் என்பதைக் கேட்டார். கல்யாணத்துக்கு என்று நான் கன்னடத்திலேயே சொன்னேன். பெண்களை நடுவில் விட்டுக்கொண்டு பார்த்துப் போங்கள் என்று சொல்லி வழிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு துண்டு ரோடு, இந்தப் பக்கத்துப் போலீசும் இல்லை, அந்தப் பக்கத்துப் போலீசும் இல்லை. என் தட்டில் வளையல்கள் சத்தம் போடத் தொடங்கின. புடவைத் தலைப்பால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். லாரிகளுக்கு அப்பால் எங்கள் வண்டியின் வெள்ளைக் கூரை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. சின்னவளையாவது அங்கே விட்டு வந்திருக்கலாமோ என்று அபத்தமாக ஒரு நினைப்பு ஓடியது.

ஜூஜுவாடிப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ் நின்றிருந்தது. வயதான ஏட்டு ஒருவர் எழுந்து வந்து, சின்னவள் கையிலிருந்த பழத்தட்டை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்கம்மா. நம்ம ஊருக்கு வந்துட்டீங்க. இனிமே ஒரு பயமும் இல்ல," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பி வந்த நிம்மதி என்று அவர் நினைத்திருப்பார், என் கணவரும் அப்படித்தான் நினைத்துத் தோளைத் தொட்டார். அது நிம்மதி இல்லை. பயத்தில்தான் அந்த நம்பரைக் கேட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், நானும் நம்பியிருந்தேன். ஆனால் அந்த நல்ல மனிதர் நம்ம ஊர் என்று சொன்னபோது, நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பயந்த அந்த ஊர்தான் என் ஊர் என்று தோன்றிவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"நாளைக்கே திரும்பிடுவோம் சார்," என்றேன். "வழி விடுவாங்கல்ல?"