சரக்குப் படகு இடித்ததும் இணைச்சீர் நடந்ததும்

அன்னூரில் மனோஜ்குமாரின் கல்யாணத்துக்குப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. அவனுடைய அக்கா சண்முகப்பிரியாவோ கொச்சித் துறைமுகத்தில், ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தாள். அவள் அங்கே இரண்டாம் இன்ஜினியர். மாற்று ஆள் வராததால் லீவு இல்லை. மறுநாள் கப்பல் கொழும்புக்குக் கிளம்புகிறது.

“மாப்பிள்ளை பக்கத்துல நின்னு இணைச்சீர் செய்யக் கூடப்பொறந்தவ வேணுமில்ல அம்மணி?” என்று அம்மா ராசாத்தாள் போனில் புலம்பினாள்.

“சித்தப்பா மகளை வெச்சுச் செய்யுங்கம்மா.”

“அக்கா, நீ வரலீன்னா எனக்குச் சீரே வேண்டாம்!” பின்னாலிருந்து மனோஜ் கத்தினான்.

அன்று மாலை கப்பலை வேறு இடத்தில் கட்டுவதற்காக நகர்த்தினார்கள். அப்போது ஒரு சரக்குப் படகு வந்து பின்பக்கத்தில் இடித்தது. வெளித்தகட்டில் சிறு நசுங்கல்தான். தண்ணீர் உள்ளே வரவில்லை. எல்லோரும் நிம்மதியானார்கள்.

பிரியா மட்டும் கீழே ஓடினாள். எஞ்சினிலிருந்து கப்பலைத் தள்ளும் பின்பக்க விசிறி வரை நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழல்கிறது. அதைத் தாங்கும் பேரிங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பின்பக்கம் இடி வாங்கினால் வெளியே தெரியாமலே அந்தக் கோடு விலகிவிடலாம். பின்னால் இருந்த பேரிங்கைப் புறங்கையால் தொட்டாள். சுட்டது. மேலே போய், கப்பலைக் கிளப்பும் முன் தண்டைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னாள்.

கேப்டன் தூத்துக்குடிக்காரர். “தம்பிக்குக் கல்யாணம்னதும் பேரிங்குக்குக் காய்ச்சல் வந்துட்டோ?” என்று சிரித்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கப்பல் நின்றால் தனக்கு லாபம்தானே? ஆசையில்தான் அப்படித் தோன்றியதோ? அவள் சீஃப் இன்ஜினியர் கதிரேசனிடம் போனாள். “நான் சொன்னதை விட்டுருங்க சார். நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் மேல போயிர்றேன்.”

கதிரேசன் எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. “சூடு ஏறிக்கிட்டே போகுது. நடுக்கடல்ல இருந்தா பேரிங் உருகியிருக்கும்.”

காலையில் நீருக்குள் இறங்கிப் பார்த்தவர்கள், விசிறியின் ஓர் இதழும் வளைந்திருப்பதாகச் சொன்னார்கள். கப்பல் பழுதுபார்க்க நின்றது.

“போயிட்டு வாம்மா. தம்பியக் கேட்டதாச் சொல்லு. பேரிங்குகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்” என்றார் கேப்டன்.

போத்தனூரில் ரயிலை விட்டு இறங்கினால், மாப்பிள்ளையே பைக்கோடு நிற்கிறான், கன்னத்தில் மஞ்சள் காயாமல். வீடு சேர்ந்ததும், மஞ்சள் பூசிய மாப்பிள்ளை வாசல் தாண்டலாமா என்று இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

“ஏனுங்க ராசாத்தா, அந்தப் படகுக்காரனுக்குப் பத்திரிகை வெச்சீங்களா?” என்று பந்தலில் ஒருவர் கேட்டார்.

“வந்தா மொத பந்தியில எலை போட்டுப்போடறேனுங்க!”

அன்று இரவு இணைச்சீர். புதுச்சேலையின் ஒரு முனை பிரியாவின் கையில், மறுமுனை தம்பியின் கையில். அவள் நகக்கண்களில் கிரீஸ் இன்னும் போகவில்லை. அவன் சேலை முனையைக் கசக்கிக்கொண்டே இருந்தான். பழக்கத்தில் புறங்கையை அவன் மணிக்கட்டில் வைத்தாள்.

“என்னடா, இப்படிச் சுடுது?”

“பயமா இருக்குதுக்கா.”

“இந்தச் சூட்டுக்கெல்லாம் நிறுத்த வேண்டியதில்ல. நட” என்றாள்.