கரட்டூரின் பூட்டிய வீடுகள்

சண்முகத்தாய் வடுகபட்டியில் பிறந்தவள். அத்தை மகனுக்கே வாழ்க்கைப்பட்டு, கெங்குவார்பட்டிப் பக்கம் கரட்டூருக்கு வந்தாள். புருஷன் காலமான பிறகு ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடும் வேலை அவளுக்கு வந்தது. காலையில் தெருத்தெருவாக வால்வு திருப்பிக்கொண்டு போவாள்.

மகன் ஈஸ்வரபாண்டிக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். மூன்று வருஷமாக மழை காலம் தவறிக் கொட்டியது. கொட்டிய தண்ணீரும் மண் மேடிட்ட கண்மாயில் நிற்கவில்லை. தை பிறந்தால் பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூர் என்று சொல்லிவிட்டான். கண்மாயைத் தூர் வாரினால் இருப்பான், இல்லையென்றால் போவான். அவ்வளவுதான் சேதி.

அந்தச் சமயம் கண்மாய்களைச் சீர்செய்யும் திட்டத்திலிருந்து ஜெபஷீலா என்ற தேனிப் பெண் லேப்டாப்போடு வந்தாள். மழை கெட்டு எந்த ஊர் காலியாகும் என்று சாட்டிலைட் படத்தை வைத்து முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த ஊர்க் கண்மாயை முதலில் சீர்செய்வதாகத் திட்டம். கரட்டூர் பட்டியலில் இல்லை. பத்து வருஷத்துப் படங்களைக் காட்டினாள். வருஷத்துக்கு வருஷம் கூரைகள் கூடியிருந்தன.

"ஊர் வளருதும்மா" என்றாள்.

முன்பு திட்டத்திலிருந்து போனில் கேட்டபோது, ஊரைவிட்டு யாரும் போகவில்லை என்றுதான் ஊராரும் சொல்லியிருந்தார்கள், சண்முகத்தாய் உட்பட. கரட்டூரில் ஒருவரை ஊரைவிட்டுப் போனவர் என்று சொல்லிவிட முடியாது. பங்காளியைத் தள்ளிவைத்த பேச்சாகிவிடும். இருபது வருஷம் திருப்பூரில் கிடந்தாலும் 'வேலைக்குப் போயிருக்காக' என்பதே வழக்கம். போனவர்களும் கையில் நாலு காசு சேர்ந்ததும் இங்கேதான் வீடு கட்டுவார்கள். ஊரில் வீடில்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களே! கட்டுவார்கள், பால் காய்ச்சுவார்கள், பூட்டிவிட்டு பஸ் ஏறுவார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் கூரை பதிந்திருந்தது. பூட்டு பதியவில்லை.

சண்முகத்தாய் படத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளின் கூரைகளை விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு எழுந்தாள்.

"வால்வு தொறக்கப் போறேன். கூட வா தாயி."

வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். இது கொழுந்தன் மகன் விஜய்பாண்டி வீடு, குழாய் திறந்து நாலு வருஷம், ஆள் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில். இது நாத்தனார் கட்டியது, குடும்பமே கோயம்புத்தூரில். ஜெபஷீலா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். இரண்டாம் தெருவில் சின்ன மாமனார் சுருளியாண்டி வழிமறித்தார்.

"ஏத்தா, உசுரோட இருக்கிற ஊருக்கு எழவு சொல்லிக்கிட்டுப் போறியா?"

"செத்தபெறகு சொல்லி என்ன மாமா ஆகப்போகுது?"

அவர் காறித் துப்பிவிட்டு விலகினார்.

நாற்பத்தொரு பூட்டு ஆனது. கடைசியில் அவள் வீட்டு வாசல். ஈஸ்வரபாண்டி மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். இது யார் வீடு என்று ஜெபஷீலா கேட்டாள்.

"என் வீடுதான். இதையும் எழுதிக்க. தையில போறாக."

மகன் நிமிர்ந்தான். அவன் வாயால் நூறு தடவை சொன்னதுதான். அவள் வாயிலிருந்து வந்தபோது முகம் கறுத்துப்போனது.

"என்னையவும் போனவங்கள்ல சேத்துட்டியே ஆத்தா."

"நீ சொன்னதத்தானலே சொன்னேன்."

மார்கழிக் கடைசியில் திட்டத்திலிருந்து தாள் வந்தது. கரட்டூர் பட்டியலில் ஏறியிருந்தது. கண்மாய் வேலை பங்குனியில் தொடங்கும். சுருளியாண்டி அதற்குப் பிறகும் அவளோடு பேசவில்லை.

தை பிறந்தது. ஈஸ்வரபாண்டி பெட்டி கட்டவில்லை. சாப்பிடும்போது தலை நிமிராமல் சொன்னான்: "ஒரு போகம் பாக்குறேன். ஒரு போகந்தான்."

அடுத்த போகத்தைப் பற்றி சண்முகத்தாய் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.