கல்லணைக்குப் போகாத ஞாயிறு

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். கடும் பனி. எதிரே வந்த அறுவடை இயந்திரத்தின் விளக்கு தெரிந்தது, இயந்திரம் தெரியவில்லை. அந்தப் பனியில் பத்து மாதக் குழந்தையோடு குடவாசலிலிருந்து தஞ்சாவூரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். வாடகைக் காரில் நான், மகள், பேத்தி, டிரைவர்.

மகள் வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று வாரமாகிவிட்டது. புதன்கிழமை விமானம். இந்த மூன்று வாரத்தில் பேத்தி ஒருமுறைகூட என்னிடம் வரவில்லை. பால்காரரிடம் போனாள், மின்கணக்கு எடுக்க வந்தவரிடம் போனாள். நான் கையை நீட்டினால் மட்டும் உதடு பிதுங்கும், பிறகு அழுகை. அடுத்த முறை வரும்போது எனக்கு எழுபத்தெட்டு ஆகியிருக்கும். ஒரு நாள் முழுக்க என் பக்கத்திலேயே இருந்தால் பழகிவிடுவாள் என்றுதான் நான் காரே பேசினேன்.

திட்டமும் என்னுடையதே. தரை சுடுவதற்குள் பெரிய கோயில், பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா, அப்புறம் அரண்மனை, மாலையில் கல்லணை. பையில் டயப்பர் ஏழு, வெந்நீர் பிளாஸ்க் இரண்டு, குழந்தைத் தொப்பி இரண்டு, ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று.

கோயிலில் நந்திக்கு முன்னால் படம் எடுக்க மகள் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். குழந்தை அலறிய அலறலில் புறாக்கள் எழும்பின.

"அப்பா, குழந்தையப் புடிக்கிறீங்களா, உர மூட்டையத் தூக்குறீங்களா? கொஞ்சம் தளர விடுங்க."

"விட்டா விழுந்துட மாட்டாளா?"

காரில் விட்டுவந்த அர்ச்சனைத் தேங்காய்ப் பையைக் கொடுக்க வந்த டிரைவரைப் பார்த்ததும் பேத்தி அவரிடம் தாவினாள். அவர் இடுப்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சப்பினாள்.

"எங்கிட்ட பெட்ரோல் வாடை சார். பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூங்காவுக்குள் போகும்போது மணி பத்தே முக்கால். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. மரத்தடியில் ஒரு பெஞ்சைத் துண்டால் இரண்டு முறை துடைத்தேன். மகள் பால் பாட்டிலைக் கழுவிவர வேண்டும். வேறு ஆள் இல்லாததால் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு வேகமாக நடந்தாள்.

அழுகை தொடங்கியது. எனக்குத் தாலாட்டு தெரியாது, விளையாட்டுக் காட்டவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குறை சொல்வது. அதைச் சொன்னேன். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிட்டதைச் சொன்னேன். காயப்போட இடமில்லாமல் தார்ச்சாலையில் கொட்டியதையும், அதன்மேல் ஒரு லாரி ஏறிப்போனதையும் சொன்னேன். வாய்க்கால் தூர்வாரியவர்கள் மண்ணைக் கரையிலேயே விட்டுப் போனதையும், முதல் மழையில் அது திரும்ப உள்ளே வந்ததையும் சொன்னேன். மூட்டுவலி மாத்திரை விலையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அழுகை நின்றிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் இதை ஆரம்பித்தாலே எல்லோருக்கும் எங்காவது வேலை வந்துவிடும். இவள் எழுந்து போகவில்லை. அறுவடை இயந்திர வாடகைக்கு நான் வருவதற்குள் தலை என் மார்பில் சாய்ந்துவிட்டது.

மகள் ஓடி வந்தாள். சத்தம் கேட்காததில் பயந்துவிட்டாளாம். குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். நான் தலையை ஆட்டினேன்.

"கை வலிக்கும்ப்பா."

"வலிக்கட்டும். நீ போயி அரண்மனையப் பாத்துட்டு வா."

"தனியாவா?"

"பின்ன? இவள எழுப்பிக் கூட்டிட்டுப் போகப்போறியா?"

கழுவிய பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். "இவ பொறந்ததுலேருந்து நான் தனியா ஒரு எடத்துக்கும் போனதில்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

பிறகு நான் அசையவில்லை. இடது கால் மரத்துப் போனது. கொசு ஒன்று கணுக்காலில் நிதானமாகச் சாப்பிட்டது. வெயில் நகர நகரத் துண்டை மட்டும் குழந்தையின் முகத்துக்கு நேரே மாற்றிப் பிடித்தேன். தூக்கத்தில் அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு டிரைவர் தேடி வந்தார். "சார், இப்பக் கெளம்புனாத்தான் கல்லணையப் பாத்துட்டு இருட்டுறதுக்குள்ள ஊர் திரும்ப முடியும். இல்ல, இங்கேயே நிறுத்திப் போட்டா, வந்ததுலேருந்து வெயிட்டிங் மணிக்கு நூத்தம்பது ஆவும். அப்புறம் ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாது."

"ஆகட்டும். மெதுவாப் பேசுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலையில் பத்து ரூபாய் பார்க்கிங்குக்கு அவரோடு வாதாடியவன் நான்.

ஒன்றே முக்காலுக்கு மகள் வந்தாள். முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை இரண்டு மணிக்குக் கண் விழித்து என்னைப் பார்த்தது. உதடு பிதுங்குகிறதா என்று பயந்துகொண்டே பார்த்தேன். அவள் கையை நீட்டி என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தாள். அம்மா கூப்பிட்டும் போகவில்லை.

கல்லணை போகவில்லை. நேராக வீடு திரும்பினோம், அவள் என் மடியில்தான். போகாத இடத்துக்கு வாடகையில் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பூங்காவில் வெயிட்டிங் மூன்று மணி நேரத்துக்கு நானூற்றைம்பது, அதையும் சேர்த்து அன்றைய செலவு மொத்தம் ரூபாய் மூவாயிரத்து இருநூற்று எண்பது.