சீமெந்துத் தாளில் ஒரு விடை

என் அலுமாரியில் கைக்குட்டை அளவில் ஒரு சீமெந்துப் பைத் தாள் இருக்கிறது. நான்கு மூலையிலும் குத்தூசி ஓட்டை. நீல மையில் சின்னதொரு கணினி நிரல். அதன் கீழே யாரும் நிரப்பாத ஒரு கோடு.

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் ஒரு கணினி வகுப்புக்குப் போனேன். முப்பது பேருக்கு நான்கு கணினி, ஒரே ஒரு புத்தகம். அதனால் வகுப்பெடுத்த சேர் சுவரில் ஒரு பலகை மாட்டினார். தெரியாததை எழுதிக் குத்தலாம்; தெரிந்தவர் விடை குத்தலாம். சனிக்கிழமை வரை கழற்றப்படாமல் நிற்கும் விடைக்குக் கணினியில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நாங்கள் போட்டி போட்டு அடிபட்டோம். பாரபட்சம் வரக் கூடாதென்று பெயர் போடாமல் எழுதச் சொல்லியிருந்தார்; யாருடையதென்று சனிக்கிழமைதான் கேட்பார். உதவாததைக் கழற்றும் பொறுப்பு எனக்கு, என் கையெழுத்து வடிவென்பதால். என்ன தகுதி பாருங்கள்.

வகுப்பில் ஒருவரைப் பூவரசங்குளத்து அண்ணன் என்போம்; எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கிழமை நாட்களில் மேசனுக்குக் கையாள். சனி, ஞாயிறில் சைக்கிள் மிதித்து வகுப்புக்கு வருவார். கொப்பி வாங்கும் காசை மிச்சம் பிடிக்க, வெறும் சீமெந்துப் பையைத் தட்டி வெட்டி அதில்தான் எழுதுவார். பெயர் இல்லாவிட்டால் என்ன, தாளைக் கண்டாலே ஆள் தெரியும். எங்கள் வீட்டில் அவர்களைத் தோட்டக்காட்டார் என்பார்கள், அது இழிசொல் என்ற நினைப்பே இல்லாமல், சோற்றைப் போடு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. அவருடைய தாள்களை நான் கழற்றினேன். ஊத்தையாக இருக்கிறதென்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொப்பித் தாளில் வந்த அரைகுறை விடைகள் நின்றன. என் மச்சாளுடையதும் அதில் ஒன்று.

கடைசியில் ஒரு சோதனை இருந்தது. தேறினால் அலுவலக வேலை. கணினியில் கை பழகாதவர் தேற முடியாது. அவருக்கு வகுப்பை விட்டால் வேறு கணினி இல்லை. ஒரு சனிக்கிழமை பலகைக்கு முன்னால் என்னிடம் வந்தார். கோபப்படவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“தப்புன்னா சொல்லுங்க தங்கச்சி, திருத்திக்கிறேன். ஏன் எடுத்தீங்கன்னு மட்டும் எழுதிருங்க.”

“வடிவா எழுதினா வைப்பன் அண்ணை,” என்றேன்.

மறுநாள் அதே விடை திரும்பவும் தொங்கியது. அச்சடித்த மாதிரி எழுத்து. கீழே ‘எடுத்த காரணம்’ என்று போட்டு, எனக்காக ஒரு கோடும் இழுத்திருந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் அதையும் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

சோதனையில் மச்சாள் தேறினாள். அவர் தேறவில்லை, பிறகு அந்தப் பக்கம் வரவுமில்லை. வெகுநாள் கழித்து அந்த நிரலைக் கணினியில் அடித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

இப்போது மென்பொருள் எழுதுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் பதிவுகளைக் கவனிப்பது என் வேலை. யாருடைய பதிவை நீக்கினாலும் காரணம் கேட்டு ஒரு பெட்டி திறக்கும். நிரப்பாமல் நீக்க முடியாது. அதை வைக்கச் சொன்னவள் நான்தான். என்னோடு வேலை செய்கிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். நியாயமான ஆள் என்று சிலர் சொல்வதும் உண்டு. அப்போது நான் அடுத்த பதிவுக்குப் போய்விடுவேன்.

அலுமாரித் தாளில் அந்தக் கோடு இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. காரணம் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் புழங்கிய அந்த ஒரு சொல்லை எழுதினால் போதும். பலமுறை பேனையை எடுத்துவிட்டேன். எழுத முடியவில்லை.